அமெரிக்கால சர்ச்சுக்கு போறவன்னாலே ட்ரம்ப் ஆளு தானா?

ராயபுரம்_பையன்:
ஒரு டவுட்டு பா. எங்க சித்தப்பா டல்லாஸ்ல செட்டில் ஆயிட்டாரு, ஞாயித்துக்கெழம ஆனா ஃபேமிலி க்ரூப்ல ஒரு பாஸ்டர் வீடியோ வந்து வுழும், நெஜ விசுவாசி ட்ரம்ப்போட ரிபப்ளிகன் கட்சிக்கு தான் ஓட்டு போடுவான் மத்தவன்லாம் சாமி இல்லன்றவன்னு. இங்க எங்கப்பா ராயப்பர் கோயில் பூசைக்கும் போவாரு, ஹார்பர் யூனியன் கொடியும் புடிப்பாரு, ரெண்டுக்கும் சண்ட வந்து நான் பாத்ததே இல்ல. அங்க மட்டும் எப்டி இப்டி பிரிஞ்சிது?

பெரம்பூர்_லோகோ:
தல, கறுப்பர் உரிமைக்கு போராடுன மார்ட்டின் லூதர் கிங் யாரு, பாப்டிஸ்ட் பாஸ்டர் தான? 1968ல மெம்ஃபிஸ்ன்ற அமெரிக்க ஊர்ல நடந்த கதய தேடி படி. குப்ப வண்டில வேல பாத்த ரெண்டு பேரு மழைக்கு வண்டி பின்னாடி ஒதுங்குனாங்க, குப்பய நசுக்குற மெஷின் ஓடி உள்ளயே செத்தாங்க. அதுக்கப்றம் தான் 1300 பேரு ஸ்ட்ரைக், 'நான் ஒரு மனுசன்'னு அட்டய மாட்டிகினு சர்ச்சுலேர்ந்து ஊர்வலம் கெளம்புவாங்க. கிங்க அங்க கூப்டவரு ஜேம்ஸ் லாசன்னு ஒரு மெதடிஸ்ட் பாஸ்டர், அவரு 1950கள்ல நம்ம நாக்பூர்ல இருந்து காந்தி வழிய கத்துகினு போன ஆளு. 2025 ஆகஸ்ட்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல துப்புரவு ஜனங்க ரிப்பன் பில்டிங் வாசல்ல ராவும் பகலும் குந்திகினு இருந்தாங்களே, அத பாக்கசொல்ல எனக்கு இதான் ஞாபகம். எங்க சபைலேர்ந்து ஒருத்தர் எட்டி பாக்கல, அது வேற விஷயம்.

வியாசை_விசுவாசி:
பிரதர், சபையோட வேல ஆத்தும ஆதாயம். கொடி புடிக்கறது இல்ல. அந்த பக்கம் சாஞ்சாலும் தப்பு இந்த பக்கம் சாஞ்சாலும் தப்பு. கருக்கலைப்புக்கு ஓகே சொல்ற டெமாக்ரட் கட்சிக்கு எப்டி ஓட்டு போடறதுன்னு அவங்க சித்தப்பா கேட்டா அதுல நியாயம் இல்லியா சொல்லுங்க

பெரம்பூர்_லோகோ:
கிங் சாவறதுக்கு மொத நாள் நைட்டு கடைசியா பேசுனது மேசன் டெம்பிள்ல. அது உங்க பெந்தெகொஸ்தே சபை ஹால் தான் பிரதர்

டீச்சரம்மா_வண்ணாரப்பேட்டை:
தம்பி, பிரிஞ்ச கத ரொம்ப பழசு இல்ல. ஜிம்மி கார்ட்டர் டெமாக்ரட், ஊர்ல சண்டே ஸ்கூல் டீச்சர், தொண்ணூறு வயசு தாண்டியும் கிளாஸ் எடுத்தாரு. 1976ல அவர் ஜனாதிபதி தேர்தல்ல நின்னப்ப நானும் ஏசுவுக்குள்ள மறுபடி பிறந்தவன்னு வெளிப்படையா சொன்னாரு, வெள்ளக்கார விசுவாசிங்க நெறைய பேரு ஓட்டும் போட்டாங்க. 1979ல ஜெரி ஃபால்வெல்னு ஒரு பாஸ்டர் மாரல் மெஜாரிட்டின்ற அரசியல் அமைப்ப ஆரம்பிச்சாரு, 1980ல அதே ஜனம் ரிபப்ளிகன் ரீகன் பக்கம் போயிடுச்சு. கருக்கலைப்பு தான் காரணம்னு சொல்வாங்க, ஆனா அங்க பெரிய புராட்டஸ்டன்ட் சபையான சதர்ன் பாப்டிஸ்ட்காரங்களே 1971ல பலாத்காரம், தாயோட உடல்நிலை மாதிரி சமயத்துல சட்டம் அத அனுமதிக்கணும்னு தீர்மானம் போட்டிருக்காங்க! வெள்ளப் புள்ளைங்கள மட்டும் சேத்துகிட்ட கிறிஸ்தவ ஸ்கூலுங்களோட வரிச்சலுகைல அரசாங்கம் கை வச்சது தான் மொத கோவம்னு சில வரலாற்று ஆளுங்க வாதாடறாங்க, எனக்கு அது நம்பற மாதிரி தான் இருக்கு. இன்னிக்கி வெள்ள இவாஞ்சலிகல்ஸ்ல, அதாவது இந்த மறுபடி பிறந்தோம்னு சொல்ற விசுவாசிங்கள்ல, பத்துக்கு எட்டு பேரு ட்ரம்ப்புக்கு போடறாங்க, கறுப்பர் சபை ஜனங்க பெரும்பாலும் அந்த பக்கமே இல்ல. பைபிள் ஒண்ணு தான், பசிச்சவனுக்கு சோறு போட்டா எனக்கே போட்ட மாதிரின்னு ஏசு சொல்ற மத்தேயு 25ஐ ரெண்டு பேரும் தான் படிக்கறாங்க. அதனால சித்தப்பா காட்டறது ஒரு தெருவ மட்டும், ஊர இல்ல.

ராயபுரம்_பையன்:
டீச்சர் 1971 மேட்டர் செம, க்ரூப்ல போடவா? சித்தப்பா கடுப்பாயிடுவாரு 😂

வியாசை_விசுவாசி:
போடுங்க. ஆனா இன்னொண்ணு. கிங் இருந்த அதே எபினேசர் சர்ச் பாஸ்டர் வார்னாக் 2021லேர்ந்து டெமாக்ரட் கட்சி செனட்டர், அவரும் கருக்கலைப்பு பொண்ணோட உரிமைன்றாரு. இத எப்டி ஏத்துக்கறது

டீச்சரம்மா_வண்ணாரப்பேட்டை:
அதுல எனக்கும் அவரோட ஒத்துப்போகல பா. நான் கத்தோலிக்க, எனக்கு புடிச்சது டோரதி டேன்ற அமெரிக்க கத்தோலிக்க அம்மா. 1933ல நியூயார்க்ல ஒரு சென்ட்டுக்கு பேப்பர் வித்து, பசிச்சவனுக்கு சூப்பு ஊத்தி, போரயும் எதுத்து கருக்கலைப்பயும் எதுத்தாங்க. இன்னிக்கி இருந்தா ரெண்டு கட்சிலயும் சீட்டு கெடைக்காது.