30 டாலர் நின்ற மாதம்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

2024-ல் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ஏசிபி என்ற இன்டர்நெட் மானியம் நின்றபோது அக்கம்பக்கத்தில் என்ன நடந்தது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

—

ஒஹாயோவில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போகிறேன். 2022 தொடங்கி மானியம் இருந்தவரை எனக்குப் பெரும்பாலும் ஏசிபி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலைதான். இன்டர்நெட் பில்லில் மாதம் 30 டாலர் கழியும். பழங்குடியினர் நிலங்களில் 75.

எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். பேரனை அவர்தான் வளர்க்கிறார். வீட்டில் ஏற்கெனவே இன்டர்நெட் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "பள்ளிக்கூடம் திறந்தா போட்டுடுவேன். குளிர் வந்து கேஸ் பில் ஏறினா நிறுத்திடுவேன்" என்றார். அந்த பதில் என் மனதைவிட்டுப் போகவே இல்லை.

ஏனென்றால் 2023 கடைசியில் டெட் குரூஸ், ஜான் தூன் போன்ற குடியரசுக் கட்சி செனட்டர்கள் எழுப்பிய குற்றச்சாட்டே இதுதான்: முன்பே இன்டர்நெட் வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரிப்பணம் போகிறது என்றார்கள். இந்த அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? திட்டத்தை நடத்திய எஃப்சிசி (மத்திய தகவல்தொடர்பு ஆணையம்) பயனாளிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 68 சதவீதம் பேர், மானியத்துக்கு முன் இணைப்பே இல்லை அல்லது விட்டுவிட்டுத்தான் இருந்தது என்றார்கள்.

2024 பிப்ரவரி 7-ம் தேதி புதிய பதிவை மூடினார்கள். அந்தச் சனிக்கிழமை வந்த மூன்று பேரை வெறுங்கையோடு அனுப்பினேன். இன்னும் 700 கோடி டாலர் ஒதுக்கக் கோரும் மசோதாவில் ஜனநாயகக் கட்சியின் பீட்டர் வெல்ச்சோடு, அப்போது எங்கள் மாநில செனட்டராக இருந்த குடியரசுக் கட்சி ஜே.டி. வான்ஸும் சேர்ந்திருந்தார். நம்பிக்கையோடு இருந்தேன். நிதி வரவில்லை. ஏப்ரல்தான் முழு மானியம் கிடைத்த கடைசி மாதம். மானியத்தை இழந்தவை சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள்!

மே மாதம் அந்த அம்மா, மானியம் முடிகிறது என்று இன்டர்நெட் கம்பெனி அனுப்பிய கடிதத்தை எடுத்து வந்தார். "இது ஏமாத்து வேலையான்னு பார்த்துச் சொல்லும்மா." உண்மைக் கடிதம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

—

அக்கா, நான் டெக்சாஸ். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் பல வருடங்களாக ஒழுங்காக பில் கட்டிவந்தார். மானியம் வந்ததும் இன்னும் வேகமான பிளானுக்கு மாறினார். தகுதி இருந்தது, வாங்கினார், தவறில்லை. ஆனால் குரூஸ் சொன்ன மாதிரி ஆட்களும் இருந்தார்கள். தகுதி விதியை இறுக்கியிருக்கலாம், மொத்தமாக நிறுத்தியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு சந்தேகம்: ஏசிபியைக் கொண்டுவந்த அதே 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் பீட் (BEAD) என்ற இன்டர்நெட் திட்டத்துக்கு 4,245 கோடி டாலர் இருக்கிறதே, அது அந்த அம்மாவுக்கு உதவாதா?

—

அது முதன்மையாகக் கேபிள் போகாத இடங்களுக்குக் கொண்டுபோகிற பணம், தம்பி. அவர் வீட்டு வாசலில் பத்து வருடமாகக் கேபிள் இருக்கிறது. இப்போது பேரனுக்காக நூலக ஹாட்ஸ்பாட் இரவல் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார்.