கற்பனை நாட்டின் அரியணை யாருக்கு: மூத்த மகளுக்கா, இளைய மகனுக்கா?

கேள்வி: மலைப்பாதை

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கும் நாவல் ஒன்றில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். கதை நடக்கும் நாடு முழுக்க என் கற்பனை. ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிறிய நாடு. பெயர் இன்னும் மனத்துக்குப் பிடிபடவில்லை. 1878-ஆம் ஆண்டு பெர்லின் மாநாட்டில் ஓட்டோமான் பேரரசிடமிருந்து விடுபட்டு, ஜெர்மானிய இளவரசர் ஒருவரை வரவழைத்து மன்னராக்கிக்கொண்டது என்று வைத்திருக்கிறேன். மக்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். அரச குடும்பமோ கத்தோலிக்கக் குடும்பம். இந்த உரசல்தான் கதைக்கு உயிர்.

கதைக்காலம் 1979. மன்னருக்கு இரண்டு பிள்ளைகள்: 19 வயது மகள், 17 வயது மகன். மகன்தான் பட்டத்து இளவரசர். ஆண்டின் நடுவில் நாடாளுமன்றம் வாரிசுச் சட்டத்தைத் திருத்தி, பட்டத்தை மகளுக்கு மாற்றுகிறது. அந்தத் திருத்தத்தில் ஒப்பமிட மன்னர் மறுக்கிறார். இறுதி அத்தியாயத்தில் மகளுக்குப் பேராலயத்தில் முடிசூட்டு விழா நடக்கிறது. இவை ஐரோப்பிய முடியாட்சிகளின் நடைமுறைக்கு ஒத்துவருமா, அல்லது வரலாறு தெரிந்த வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாரா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

வாரிசுச் சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியது ஏறத்தாழ அப்படியே ஸ்வீடனில் நடந்திருக்கிறது. இளவரசி விக்டோரியா 1977-இல் பிறந்தார். அவர் தம்பி கார்ல் பிலிப் 1979 மே மாதம் பிறந்து, பிறந்த கணமே பட்டத்து இளவரசரானார். ஆனால் 1980 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாலின வேறுபாடின்றி மூத்த குழந்தைக்கே அரியணை என்று வகுத்துவிட, ஏழு மாதக் குழந்தையிடமிருந்து பட்டம் போய், இரண்டரை வயது அக்காவிடம் சேர்ந்தது. மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவுக்கு இது உவப்பாக இல்லை என்பது ஒளிவுமறைவற்ற செய்தி. சட்டம் பிறக்கப்போகும் குழந்தைகளுக்குப் பொருந்தட்டும், பிறந்துவிட்ட மகனை விட்டுவிடட்டும் என்பதே அவர் நிலைப்பாடு.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது பிள்ளைகளின் வயது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தான் எதை இழந்தோம் என்பது தெரியாது. 17 வயது இளைஞனோ அதற்காகவே வளர்க்கப்பட்டவன். நார்வே 1990-இல் இதே திருத்தத்தைச் செய்தபோது, 1971-இல் பிறந்த மார்த்தா லூயிஸாவைத் தாண்டி, 1973-இல் பிறந்த ஹாகோனே வரிசையில் முன்னால் தொடர்ந்தார். அதுவரை வரிசையிலேயே இல்லாத அக்காவுக்குத் தம்பியின் பின்னால் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். உங்கள் கதையின் வயதுகள் ஸ்வீடனைவிட நார்வேக்கே நெருக்கமானவை. எனவே உங்கள் நாடாளுமன்றம் ஏன் கடுமையான வழியைத் தேர்ந்தது என்பதற்கு வலுவான காரணம் காட்டியாக வேண்டும்.

இன்னொன்று, இதுதான் பெரிய குறை. 1878-இல் ஜெர்மானிய வம்சத்தைக் கொண்டுவந்த நாட்டின் சட்டத்தில், மகள் தம்பிக்குப் பின்னால் நிற்பவளாக இருந்திருக்க மாட்டாள். வரிசையிலேயே இருந்திருக்க மாட்டாள். ருமேனியாவின் 1866-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் பெண்களையும் அவர்கள் சந்ததியையும் நிரந்தரமாக விலக்கியது. ஆணுக்கு முன்னுரிமை என்பது வேறு, ஆணுக்கு மட்டுமே உரிமை என்பது வேறு. முதலாவது இன்றும் ஸ்பெயினில் இருக்கிறது. மொனாக்கோவிலும் இருப்பதால்தான், 2014 டிசம்பரில் பிறந்த இரட்டையரில் சகோதரி இரண்டு நிமிடம் மூத்தவராக இருந்தும் சகோதரர் வாரிசானார். இரண்டாவது, சாலிக் சட்டம் என்று சொல்லப்படுவது, இன்று லீக்டன்ஸ்டைனில் நிற்கிறது. அது ஒரே மன்னரின் கீழ் இருந்த நாடுகளையே பிரித்திருக்கிறது. 1837-இல் விக்டோரியா பிரிட்டனின் அரசியானபோது ஹனோவர் அவருடைய சிற்றப்பாவிடம் போனது. 1890-இல் வில்ஹெல்மினா நெதர்லாந்தின் அரசியானபோது லக்ஸம்பர்க் நாசாவ் குடும்பத்தின் வேறொரு கிளைக்குப் போனது. உங்கள் மகளை வரிசையிலேயே இல்லாதவளாக வைத்தால் கதைக்கு இன்னும் கூர்மை வரும் என்பது என் எண்ணம்.

மறுமொழி: பழைய நாணயம்

ஏட்டுச்சுவடி நுட்பமாக எழுதியிருக்கிறார். ஆனால் கூரையைச் செப்பனிடும் முன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். ஏட்ரியாட்டிக் கரையில் 1979-இல் ஒரு மன்னர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்? யூகோஸ்லாவியாவில் முடியாட்சி 1945 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. அல்பேனியாவின் மன்னர் ஸோக் 1939 ஏப்ரலில் இத்தாலியப் படையெடுப்பின்போதே நாட்டைவிட்டு வெளியேறினார். இத்தாலி 1946 ஜூனில் வாக்கெடுப்பின் மூலம் குடியரசானது. பல்கேரியா அதே ஆண்டு செப்டம்பரில்; ருமேனியாவின் மன்னர் மைக்கேல் பதவி துறந்தது 1947 டிசம்பர் 30 அன்று. கிரீஸ் மட்டும் சற்றுத் தாக்குப்பிடித்து, 1974 டிசம்பர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் குடியரசுக்கு வாக்களித்ததோடு கதை முடிந்தது. இத்தனைக்கும் நடுவே உங்கள் சிறுநாடு மட்டும் பிழைத்தது எப்படி என்பதற்கு ஒரு பத்தியாவது வேண்டும். ஐரோப்பாவில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் அரியணை ஏறிய முடியாட்சி ஸ்பெயினுடையது ஒன்றுதான். 1975-இல் அது நடந்ததும், சர்வாதிகாரி பிராங்கோ தம் வாழ்நாளிலேயே வாரிசை நியமித்து வைத்திருந்ததால்.

மதம் பற்றி நீங்கள் எழுதியது உண்மையிலேயே வளமான இடம். ஆனால் அது நூறு ஆண்டுகள் அப்படியே நீடித்திருக்காது. பவேரியாவிலிருந்து கிரீஸுக்கு வந்த ஓட்டோ கத்தோலிக்கராகவே இருந்தார், பிள்ளையும் இல்லை, 1862-இல் வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பின் டென்மார்க்கிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் பிள்ளைகளை ஆர்த்தடாக்ஸ் மரபில் வளர்த்தார். பல்கேரியாவின் பெர்டினாண்டு இன்னும் துணிந்தார்: கத்தோலிக்க முறைப்படி திருமுழுக்குப் பெற்றிருந்த தம் மூத்த மகன் போரிஸை 1896-இல் ஆர்த்தடாக்ஸ் மதத்துக்கு மாற்றினார். ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் ஞானத்தந்தையானார். அதுவரை பெர்டினாண்டை ஏற்க மறுத்துவந்த ரஷ்யா அவரை ஏற்றுக்கொண்டது. இரண்டு வயதுக் குழந்தையின் மதம் ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையாக மாறிய அந்தக் காட்சியை உங்கள் முன்கதையில் வைத்திருந்தால் நான் முதலில் அந்த அத்தியாயத்தைத்தான் படிப்பேன்.

இறக்குமதியான மன்னர் உள்நாட்டுப் பெயர் சூட்டிக்கொள்வதும் வழக்கம்தான். 1905-இல் நார்வேக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் இளவரசர் கார்ல், முதலில் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டு, ஏறத்தாழ 79 விழுக்காடு ஆதரவு கிடைத்த பிறகே ஏழாம் ஹாகோன் ஆனார். மகன் அலெக்சாண்டர் ஓலாவ் ஆனார்.

மலைப்பாதை

இருவருக்கும் நன்றி. 1945 பற்றிய கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாட்டை மேற்கே நகர்த்தி, பெல்ஜியத்துக்கும் லக்ஸம்பர்க்குக்கும் அருகே வைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் ஓட்டோமான் பின்னணியும் ஆர்த்தடாக்ஸ் மக்களும் காணாமல் போய்விடுவார்கள். மன்னர் ஒப்பமிட மறுப்பது பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

மறுமொழி: நெடுங்கணக்கு

ஒப்பத்துக்கு வருகிறேன். அதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. இரண்டிலும் மன்னரின் மனச்சாட்சிக்கு மதிப்பளிக்கப்பட்டது, சட்டமும் நிறைவேறியது. பெல்ஜியத்தில் 1990 ஏப்ரலில், கருக்கலைப்புச் சட்டத்தில் ஒப்பமிட மன்னர் போதுவான் மறுத்தார். அமைச்சரவை அவர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருப்பதாக அறிவித்து, தானே சட்டத்தில் ஒப்பமிட்டது. ஏறத்தாழ ஒன்றரை நாளில் நாடாளுமன்றம் அவரை மீண்டும் பொறுப்பேற்க வைத்தது. போர்க்காலத்தில் மன்னர் எதிரியிடம் சிக்கினாலோ மனநலம் குன்றினாலோ பயன்படட்டும் என்று வைத்திருந்த விதியை, மனச்சாட்சிக்குப் பயன்படுத்திக்கொண்ட சாமர்த்தியம் அது. லக்ஸம்பர்க்கில் 2008-இல் கருணைக்கொலைச் சட்டத்தை ஏற்க முடியாது என்று கிராண்ட் டியூக் ஹென்றி சொன்னபோது, அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள்: அவர் சட்டத்துக்கு இசைவு தெரிவிக்க வேண்டியதில்லை, வெளியிட்டால் போதும். ஒரு முறை மறுத்ததன் விலை, மறுக்கும் அதிகாரமே போனது.

மறுப்பு உண்மையிலேயே செல்லுபடியாகும் இடம் லீக்டன்ஸ்டைன். 2012-இல் அந்த அதிகாரத்தைக் குறைக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது 76 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஸ்வீடனில் நேர்மாறு: 1975 முதல் நடைமுறையில் இருக்கும் அரசியலமைப்பில், சட்டங்களுக்கு மன்னரின் ஒப்பமே தேவையில்லை; பிரதமரை முன்மொழிபவரும் சபாநாயகர்தான். ஆகவே ஸ்வீடனின் வாரிசுத் திருத்தத்தையும் பெல்ஜியத்தின் ஒப்ப மறுப்பையும் ஒரே நாட்டில் ஒட்டவைத்தால் தையல் தெரியும்.

முடிசூட்டு விழா வேண்டாம். இன்று ஐரோப்பாவில் அதை நடத்துவது பிரிட்டன் மட்டுமே. நார்வே அரசியலமைப்பிலிருந்து அதை 1908-இலேயே நீக்கியது. நெதர்லாந்தில் மகுடம் மேசைமேல் இருக்கும், தலையில் ஏறாது. டென்மார்க்கில் 2024 ஜனவரியில் பத்தாம் பிரெடரிக் மன்னரானபோது, அரண்மனை மாடத்திலிருந்து பிரதமர் அறிவித்தார், அவ்வளவுதான்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நாட்டை நகர்த்தாமலேயே ஒரு வழி இருக்கிறது. மன்னரை ஏற்கெனவே நாட்டைவிட்டு வெளியேறி, 1979-இல் வெளிநாட்டில் வாழ்பவராக வையுங்கள். அப்போது வாரிசுச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் இல்லை. குடும்பத் தலைவர் என்ற முறையில் அவரே திருத்த வேண்டும். இதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஐந்து மகள்களும் மகன் இன்மையுமாக இருந்த ருமேனியாவின் மைக்கேல், அரியணை போய் சரியாக 60 ஆண்டுகள் கழிந்த 2007 டிசம்பர் 30 அன்று, குடும்பத்துக்கென அடிப்படை விதிகளை வகுத்து மூத்த மகள் மார்கரெட்டாவை வாரிசாக அறிவித்தார். முடியாட்சி எப்போதாவது திரும்பினால் சாலிக் சட்டத்தை நீக்கிவிடுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். நாடு குடியரசு, சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது; ஆனாலும் அந்தக் குடும்பத்துக்குள் அது உயிர்போகும் விஷயம். உங்கள் கதையில் மகன் இருக்கிறான் என்பதுதான் வேறுபாடு. அரசே இல்லாத இடத்தில், மகனை விலக்கித் தந்தை மகளைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், காரணம் அரசியலாக இருக்க முடியாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மலைப்பாதை

காரணம் இருக்கிறது. மகள் ஆர்த்தடாக்ஸ் மதத்துக்கு மாறிவிட்டாள், மகன் மாற மறுத்துவிட்டான். இதை ஏற்கெனவே ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதி, எங்கே பொருத்துவது என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். நாடாளுமன்றக் காட்சிகள் 60 பக்கம் போகின்றன, வருத்தம்தான். முடிசூட்டு விழாவுக்குப் பதிலாக என்ன வைப்பது என்பது மட்டும் பாக்கி.

மறுமொழி: பழைய நாணயம்

மகுடத்தை விட்டுவிடாதீர்கள். ருமேனியாவின் முதலாம் கரோலுக்காக 1881-இல் செய்த மகுடம் தங்கமன்று, எஃகு. 1877-இல் பிளெவ்னாவில் ஓட்டோமான் படையிடம் கைப்பற்றிய பீரங்கியை உருக்கிச் செய்தது. உங்கள் நாட்டுக்கும் 1878-இல் அப்படியொரு பீரங்கி கிடைத்திருக்கலாம். அது இப்போது தலைநகரின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். உங்கள் இளவரசி சுற்றுலா விசாவில் வந்து, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.