இங்கிலாந்துக்குப் புதிதாகப் போயிருக்கும் மதுரைப் பிள்ளைகளுக்கும், இங்கே காத்திருக்கும் பெற்றோருக்கும்: அங்கே எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள்

விடுமுறைக்கு வில்லாபுரம் வந்திருக்கிறேன். வந்த மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு அக்கா கையில் போனோடு வாசலில் நின்றார். மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறாள். இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைப் பேசவைத்து அக்கா பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டிருக்கிறார். அந்தப் பெயரில் ஒரு மாணவி படிக்கிறாளா என்பதைக்கூட அவர்கள் சொல்லவில்லை. "வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டியது நான். என் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லக்கூடாதாம்" என்று படியில் உட்கார்ந்து அழுதார்.

மாலையில் மகள் பேசிவிட்டாள். கடுமையான காய்ச்சல்; போன் அணைந்து கிடந்தது தெரியாமல் படுத்திருக்கிறாள். அவள் சொன்ன ஒரு செய்திக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மதியம் விடுதி ஊழியர் ஒருவர் வந்து அறைக்கதவைத் தட்டி, "உங்கள் குடும்பத்தில் கவலைப்படுகிறார்கள், நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். அக்காவின் போன் வீணாகவில்லை. பதில் சொல்லாதவர்கள் காதில் வாங்கிக்கொண்டார்கள்; ஆளையும் அனுப்பினார்கள்.

14 ஆண்டுகளாக அங்கே இருக்கிறேன். புதிதாக வருகிற நம் மக்கள் அதிகம் காயப்படுவது இந்த இடத்தில்தான். 18 வயது நிறைந்தவரின் விவரம் அவருக்கே சொந்தம். பெற்றவர் கேட்டாலும் கட்டியவர் கேட்டாலும் அவர் சம்மதம் இல்லாமல் தரமாட்டார்கள். ஆனால் நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மருத்துவர்களுக்கும் இதே வழிகாட்டுதல்தான்: நோயாளியைப் பற்றிப் பேசக்கூடாது, உறவினர் சொல்வதைக் கேட்கலாம். அதனால் "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டு மோதிக்கொள்ளாதீர்கள். "அவளுக்கு ஆஸ்துமா உண்டு, இரண்டு நாளாகப் பேசவில்லை, ஒருமுறை போய்ப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் எட்டு மணி வரை தண்ணீர் தெளிக்கவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் தட்டிவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஒரு குழந்தை தொலைந்தால், அதன் பெயர், ஊர், சட்டை நிறம் எல்லாம் வைகைக் கரை முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். பத்துப் பேருக்குத் தெரிவதுதான் இங்கே பாதுகாப்பு. நான் அப்படி வளர்ந்தவள். அதே பத்துப் பேருக்குத் தெரிவதால் நொறுங்கிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு மருத்துவமனையில், திருமணமாகாத பெண் ஒருத்தியின் கர்ப்பப் பரிசோதனை முடிவை வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24 ஆகஸ்ட் 2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த வரிசை வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

போன முதல் வாரத்திலேயே ஜி.பி. என்னும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லை, விசா அட்டை காட்டவில்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. மறுத்தால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். அப்பாவையோ அம்மாவையோ உடன் வைத்திருப்பவர்கள், அவர்களது மருத்துவ விவரத்தை உங்களிடம் பேசலாம் என்ற சம்மதத்தை அவர்கள் வாயால் சொல்லவைத்து, எழுத்திலும் பதியச் செய்யுங்கள். நோய் முற்றிய பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரும் வேதனை.

மொழிபெயர்ப்பாளர் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் வாங்கும்போதே கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். கணவரே மொழிபெயர்க்கிறேன் என்றால் மருத்துவர் பெரும்பாலும் விரும்பமாட்டார். சில நேரம் அவரை வெளியே காத்திருக்கச் சொல்வார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணோ கதவு மூடியதும் மூன்று ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத மனச்சோர்வை முதல்முறையாகச் சொன்னாள். பூட்டிய கதவுக்குள் கேட்டால்தான் வருகிற பதில்கள் உண்டு. கணவர்மார்களே, எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.

எங்கே ரகசியம் காக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று பட்டால், சம்மதம் இல்லாமலும் உரிய துறைக்குச் சொல்வார்கள். வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தி, ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குத் தானே தெரிவிக்க வேண்டும். சொல்லியும் கேட்காமல் ஓட்டினால் மருத்துவரே தெரிவிக்கலாம். காசநோய் கண்டால் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை; இந்தியாவிலும் 2012 முதல் அப்படித்தான்.

பள்ளிக்கூடம்தான் நம்மவர்களை அதிகம் திடுக்கிட வைக்கிறது. ஒரு குழந்தை டீச்சரிடம் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்டாலும், அவர் அப்படி வாக்குக் கொடுக்கக்கூடாது. வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால், பள்ளியில் அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். தேவைப்பட்டால் அது கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றத்துக்குப் போகும். ஸ்காட்லாந்தில் 2020 முதலும் வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் குழந்தையை அடிப்பதற்கு இருந்த சட்ட விலக்கே நீக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் "நியாயமான தண்டனை" என்ற விலக்கு இன்னும் இருக்கிறது என்று வாதாடிக்கொண்டு பிரம்பை எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் உள்ளே விடுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். முதல் வருகை பெரும்பாலும் குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கத்தான். 16 வயதுப் பிள்ளை மருத்துவரைத் தனியாகப் பார்த்துத் தானே சம்மதம் தரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 16-க்குக் கீழும், விஷயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் அப்படியே என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1985-இல் தீர்ப்பளித்தது.

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பக்கத்து அறை நண்பன் கதவைத் திறக்கவில்லை என்றால் போலீசைக் கூப்பிடலாமா?" உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்கவே வேண்டாம், அவசர உதவி எண் 999. உயிரைக் காப்பாற்றுவதற்காக வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழையப் போலீசுக்கு 1984-ஆம் ஆண்டுக் காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் மனநலம் பற்றிய பொதுவான கவலைக்கெல்லாம் இப்போது போலீஸ் வருவதில்லை. இங்கிலாந்தின் ஹம்பர்சைடு பகுதியில் 2020-இல் தொடங்கி 2023-இல் நாடு முழுவதற்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஏற்பாட்டின்படி, அந்த வேலையை மருத்துவத் துறை பார்க்க வேண்டும். மனம் உடைந்து தவிக்கும் நண்பனுக்கு மருத்துவ உதவி எண்ணான 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். சீருடை வாசலில் நிற்பதைவிட ஒரு செவிலியரின் குரல் நல்லது என்ற எண்ணம் சரியானதுதான். இரண்டு துறைகளுக்கும் நடுவே யாரும் வராமல் போய்விடக்கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு. ஆகவே, "போய்ப் பார்ப்பது யார்?" என்று கேட்டு, பதில் வாங்கிய பிறகே போனை வையுங்கள்.

வீட்டுக்குள் வன்முறையில் சிக்கி, பேசவே முடியாத நிலையில் இருக்கும் பெண்களுக்கு: மொபைலில் 999 அழைத்து, 55-ஐ அழுத்தச் சொல்லும் குரல் கேட்கும்போது அதை அழுத்தினால் போலீசுக்கு இணைப்பார்கள். அதனால் மட்டும் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. முடிந்தால் மெல்லிய குரலிலாவது முகவரியைச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றி ஓர் அலுவலகம் எழுதி வைத்திருப்பதைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணம் இல்லாமல் தரவேண்டும். தவறான குறிப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அக்காவின் மகளிடம் அன்று இரவே பேசினேன். பல்கலைக்கழகப் பதிவில் அவசரத் தொடர்பு என்ற இடம் காலியாகவே கிடந்திருக்கிறது. அம்மாவின் பெயரையும் எண்ணையும் நிரப்பினாள்; எந்த நிலையில் அம்மாவை அழைக்கலாம் என்பதற்குச் சம்மதமும் கொடுத்தாள். அறைத்தோழியிடம் கேட்டுவிட்டு அவள் எண்ணையும் அனுப்பினாள். அக்கா அதைத் தினசரிக் காலண்டரின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்.