குழந்தைக்கு டாப்சோன் கொடுக்கலாமா?

உசிலம்பட்டிக்காரன்:
மகளுக்கு நாலு வயது. அடிவயிறு, தொடை இடுக்கு எல்லாம் நீர்க் கொப்புளம். பழைய புண்ணைச் சுற்றி, முத்துக் கோத்த மாதிரி வட்டமாகப் புதுசு கிளம்புகிறது. அக்கிதான் என்று அம்மா வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுதி வந்தார். தோல் டாக்டர் சதை எடுத்துப் பார்த்து 'லீனியர் ஐஜிஏ' என்கிறார். எழுதிய மாத்திரை டாப்சோன். மருந்துக் கடைப் பையன், "இது குஷ்டத்துக்குக் கொடுக்கிறதாச்சே" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். வீட்டில் ஒரே ரகளை. அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. கொடுத்தவர்கள் யாராவது உண்டா?

திருமங்கலத்து அம்மா:
என் பையனுக்கும் இதுதான் தம்பி. தொழுநோய்க்கும் அதே மாத்திரைதான், ஆனால் நோய் வேறு. இது யாருக்கும் ஒட்டாது. கிருமியை எதிர்க்க வேண்டிய ஐஜிஏ என்கிற ரத்தப் புரதம், தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் சேருகிற இடத்தில் போய்ப் படிகிறது. அடுக்கு விட்டுப்போய் நீர் கோக்கிறது.

ஜி6பிடி ரத்தச் சோதனை எடுத்தாச்சா? சிவப்பணுவைக் காக்கிற நொதி அது, சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அது தெரியாமல் முதல் மாத்திரையைத் தொடாதீர்கள். அந்தக் குறை இருக்கிற பிள்ளைக்கு டாப்சோன் கொடுத்தால் சிவப்பணு மளமளவென்று உடையும். குறை இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும், அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காய்ச்சலோடு தடிப்பு வந்தாலோ உடனே ஓடுங்கள்.

இவனுக்குச் சில நாளிலேயே புதுக் கொப்புளம் நின்றது. ஜட்டி எலாஸ்டிக் உரசித்தான் பெரிய தொல்லை; பழைய வேட்டியில் தொளதொளவென்று டிரவுசர் தைத்தேன். படுக்க நைந்த சுங்குடிச் சேலை. பெரும்பாலும் வயசுக்கு வருவதற்குள் தானாக அடங்கிவிடும் என்றார்கள்.

லேப் அண்ணன், மதுரை:
ரிப்போர்ட்டில் இம்யூனோபுளோரசன்ஸ், அதாவது ஒளிரும் சாயம் போட்டு ஐஜிஏ படிந்திருக்கிறதா என்று தேடும் சோதனை, பார்த்ததாக இருக்கிறதா? அதற்குக் கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலில் தனித்துண்டு எடுக்கணும். சதையைப் பதப்படுத்தும் பார்மலினில் போட்டால் வீண். ஐஜிஏ கோடு மாதிரித் தெரிந்தால்தான் நோய் உறுதி.

உசிலம்பட்டிக்காரன்:
அந்த வரி இருக்கிறது அண்ணே. ஜி6பிடி எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறார், நாங்கள் திருப்பியே பார்க்கவில்லை. நாளைக்கே எடுக்கிறோம். அம்மா வேப்பிலைத் தண்ணீர் ஊற்றலாமா என்கிறார்.

திருமங்கலத்து அம்மா:
வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். புண்ணில் மஞ்சளும் வேண்டாம். சோதனையில் குறை என்று வந்தால் பீரோவில் பாச்சை உருண்டைகூட ஆகாது, எடுத்துவிடுங்கள். வேப்பிலையைப் பாட்டி மனசு நோகாமல் நிலைப்படியில் செருகிக்கொள்ளட்டும்.