வேட்டையாடிய மானின் கொம்பை அங்குலத்தில் அளக்கும் வழக்கம்: உங்கள் அனுபவம்?

மேடிசன்வாசி:
அமெரிக்காவின் விஸ்கான்சினில் நவம்பர் மாதத்து ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவம். சக ஊழியரின் பதினான்கு வயது மகள் தன் முதல் வெண்வால் மானைச் சுட்டிருந்தாள். ஆறு முனைக் கொம்பு, இளம் ஆண் மான். வண்டியின் பின்பலகையில் கிடந்த அதன் கழுத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை வைத்தபடி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வாழ்த்துகூடச் சொல்லவில்லை. "எத்தனை அங்குலம் தேறும்?" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒன்டாரியோ மாமா:
அதற்காக அளவையே பழிக்காதீர்கள். 1887இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் இயற்கையியலாளர் கிரின்னெல்லும் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர் சங்கம் 1950இல் இந்த முறையை வகுத்தது. கொம்பு பெரிதாக வேண்டுமானால் மான் சில ஆண்டுகள் பிழைத்திருக்க வேண்டும், நல்ல மேய்ச்சல் வேண்டும். அதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆனால் எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. நண்பரின் தந்தை கொண்டுவந்த கொம்பின் நீளம், அகலம், சுற்றளவு எல்லாம் சேர்த்த கூட்டுத்தொகை 173 4/8 அங்குலம். இடது பக்கத்து இரண்டாம் கிளை மூன்று அங்குலம் குட்டை. இரு பக்க வேறுபாடுகளையெல்லாம் கழித்ததும் 168 7/8. சங்கத்தின் நிரந்தரப் பதிவேட்டுக்கு 170 வேண்டும். பெரியவர் அந்தக் குட்டைக் கிளையின் நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "இதுவும் அது வளர்த்ததுதானே, ஏன் கழிக்கிறீர்கள்?" என்றார். அளந்தவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வேட்டைத்துணை:
நானும் ஒருமுறை கழிவில் தோற்றவன்தான். புதியவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியில் வைத்து அளப்பது வெறும் ஆசைக் கணக்கு. கொம்பு காய்ந்து சுருங்கும், அறுபது நாள் காய்ந்த பிறகே அதிகாரப்பூர்வ அளவு. கால் அங்குல அகல எஃகு நாடா வாங்குங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த முனை கிளையாகாது. ஒவ்வொரு பக்கமும் நான்கு இடங்களில் சுற்றளவு எடுக்க வேண்டும். மண்டையோட்டைப் பிளந்துவிடாதீர்கள், பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள். கொம்பை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். ஜேம்ஸ் ஜோர்டன் 1914இல் விஸ்கான்சினில் சுட்ட மானின் கொம்பைப் பாடம் செய்யக் கொடுத்தார், அது கைவிட்டுப் போனது. பின்னாளில் 206 1/8 என்று உலக சாதனையானது. அவர் பெயரில் பதிவாகும் முன்பே இறந்துவிட்டார்.

மேடிசன்வாசி:
ஐயா, நான் நாடாவைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றிரவு அந்தப் பெண் தன் அப்பாவிடம், "சின்னதைச் சுட்டது தப்பா?" என்று கேட்டிருக்கிறாள்.