பெரியவீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா: தம்பி, பழைய லேப்டாப்பில் நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. ஸ்டால்மன் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னாயே, அவரைத் துரத்திவிட்டார்களாமே?

தம்பி: லினக்ஸின் உட்கருவான கெர்னல் டோர்வால்ட்ஸ் என்பவர் எழுதியது பெரியப்பா. கூடவே வரும் குனு கருவிகள்தான் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த திட்டம். துரத்தவில்லை. 2019 செப்டம்பரில் அவரே எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்தும், யாரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்காகத் தான் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிலிருந்தும் விலகினார்.

செல்வி அக்கா: பூசி மெழுகாதே. எப்ஸ்டீன் என்ற பாலியல் குற்றவாளியின் விவகாரத்தில், குற்றச்சாட்டுக்கு ஆளான எம்ஐடி பேராசிரியர் மின்ஸ்கிக்காக வாதாடி மின்னஞ்சல் எழுதினார், அது வெளியே வந்துவிட்டது. அவருடைய பழைய பேச்சுகளும் கிளம்பின.

தம்பி: அதைத் திரித்துப் போட்டார்கள் அக்கா. எப்ஸ்டீனிடம் சிக்கிய பெண் விரும்பி வந்தாள் என்று அவர் எழுதவில்லை. மின்ஸ்கியிடம் அப்படிக் காட்டிக்கொண்டிருக்கலாம் என்றுதான் எழுதினார்.

செல்வி அக்கா: அது மட்டும் பேசக்கூடிய பேச்சா?

தம்பி: 2021 மார்ச்சில் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்குத் திரும்பினார். நீக்கச் சொன்ன கடிதத்தில் சுமார் 3,000 பேர் கையெழுத்திட்டார்கள். ஆதரவுக் கடிதத்தில் 6,000க்கு மேல்!

செல்வி அக்கா: அந்த 3,000 பேரோடு மொசில்லா, டோர், க்னோம் அறக்கட்டளை போன்ற மென்பொருள் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து நின்றன. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் அந்த அறக்கட்டளைக்குப் பணம் தருவதையே நிறுத்தியது. அதைச் சொல்ல மாட்டாய்.

பெரியம்மா: நம் கோயில் கமிட்டிக் கதை போல இருக்கிறதே. கட்டியவர் என்பதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

செல்வி அக்கா: அதேதான் பெரியம்மா. கல்வெட்டில் அவர் பெயர் இருக்கட்டும், நானும் தினம் அவர் எழுதிய, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில்தான் வேலை செய்கிறேன். நாற்காலி வேறு விஷயம். அவர் பேச்சு பிடிக்காமல் ஒதுங்கிப் போன பெண்ணை எந்தக் கடிதத்தில் எண்ணுவாய்?

தம்பி: ஏப்ரலில் தன்னிடம் குறை இருப்பதை அவரே எழுத்தில் ஒத்துக்கொண்டாரே.

செல்வி அக்கா: ஒத்துக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

பெரியப்பா: கடைசியில் என்னதான் ஆயிற்று?

தம்பி: குழுவில் தொடர்ந்தார். டெபியன் என்ற லினக்ஸைத் தயாரிப்பவர்கள் இதற்காக வாக்கெடுப்பே நடத்தினார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று பல தேர்வுகள். ஜெயித்தது, "நாங்கள் எந்த அறிக்கையும் விடப்போவதில்லை".

பெரியம்மா: 😂 நம் குடும்பத்து ஆட்கள்தான் அங்கே போயிருக்கிறார்கள்.

பெரியப்பா: சரி, அதை விடுங்கள். பிரிண்டர் இதில் வேலை செய்யவில்லை தம்பி.

தம்பி: ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளில் இறங்கியதே எம்ஐடியில் இருந்த ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரின் நிரலைக் கொடுக்க மறுத்ததால்தான் பெரியப்பா. ஞாயிறு வந்து பார்க்கிறேன்.

செல்வி அக்கா: நாற்பது வருடமாக அதே பிரிண்டர் 🙂