மெஷின் சேஃப்டி ரூல்ஸ் மாறிக்கிட்டே இருக்கு, எது அமல்ல இருக்குன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

பிரஸ்ஷாப்_கோவை:
எல்லாருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு ஷீட் மெட்டல் யூனிட்ல சூப்பர்வைசரா இருக்கேன், மொத்தம் 16 பேரு, பவர் பிரஸ் (தகடை அடிச்சு வெட்டற, வளைக்கற மெஷின்) வேலைதான் அதிகம், அதுபோக ஒரு ஷியரிங், ஒரு டிரில்லிங், டை (பிரஸ்ல மாட்டற அச்சு) தூக்க ஒரு செயின் பிளாக். சேஃப்டி ஃபைலையும் நீயே பாத்துக்கன்னு முதலாளி குடுத்துட்டாருங்க. பிரச்சனை என்னன்னா வாட்ஸப்ல தினம் ஒண்ணு வருது. புது லேபர் கோடு வந்துருச்சு, 20 பேருக்கு கீழ இருந்தா இனி எந்த சேஃப்டி சட்டமும் கிடையாதுன்னு ஒருத்தர் போடறாரு, எல்லா மெஷினுக்கும் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) மார்க் இல்லன்னா சீல் வெச்சுருவாங்கன்னு இன்னொருத்தர், அதுக்கு தேதி மாறிடுச்சுன்னு வேற ஒருத்தர். கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றவரு லைட் கர்டன் (கை குறுக்க வந்தா ஒளிக்கதிர் மூலமா கண்டுபிடிச்சு மெஷினை நிறுத்தச் சொல்ற சாதனம்) மாட்டுங்கன்னு எழுதிட்டு போறாரு. பிரஸ்ல உக்கார்றது எல்லாம் 20, 22 வயசு பசங்க, அவங்க விரலுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, எனக்கு அதுதாங்க முதல்ல. ஆனா எந்த பேப்பரை நம்பி எதை செய்யறதுன்னு புரியல. நீங்கல்லாம் எப்படி அப்டேட்டா இருக்கீங்க?

சேஃப்டி_அம்பத்தூர்:
வணக்கம் சார், நான் அம்பத்தூர்ல சேஃப்டி ஆபீசர். உங்களுக்கு வந்த மெசேஜ்ல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் அது ஆபத்து. நீங்க சொல்ற புது லேபர் கோடு, ஓஎஸ்எச் கோடு, அதாவது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பத்தின சட்டம், 2020ல பாஸ் ஆனது, அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. அதுல ஃபேக்டரிக்கான வரையறை மாறிடுச்சு, கரண்ட்ல ஓடற இடம்னா முன்னாடி 10 பேர் போதும், இப்போ 20 பேர் வேணும். அதை வெச்சுத்தான் "20க்கு கீழ சட்டம் இல்ல"ன்னு கிளப்பி விட்டுருக்காங்க. ஆனா அதே கோடுல எஸ்டாப்ளிஷ்மென்ட்னு ஒரு வரையறை தனியா இருக்கு, அதுக்கு 10 பேர் இருந்தாலே போதும், வேலை செய்யற இடத்தை ஆபத்து இல்லாம வெச்சிருக்கணும்ங்கற 6வது பிரிவு கடமை எஸ்டாப்ளிஷ்மென்ட்டுக்கும் சேத்துத்தான். 16 பேர் வெச்சிருக்கிற நீங்க அதுல உள்ள வந்துடுறீங்க. யாராவது சொன்னாங்கன்னு பழைய ஃபேக்டரி லைசென்சை சரண்டர் பண்ணிடாதீங்க, உங்க ஊர்ல இருக்கிற தொழிலக பாதுகாப்பு இணை இயக்குனர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, பதிலையும் எழுத்துல வாங்குங்க.

பெரிய மாற்றம் எங்கன்னா, 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 21வது பிரிவு மெஷினுக்கு வேலி போடறது பத்தி, 22 ஓடற மெஷின் கிட்ட வேலை செய்யறது பத்தி, 24 பவரை கட் பண்ற சாதனம் பத்தின்னு சட்டத்துக்குள்ளேயே விவரமா இருந்துச்சு. புது கோடுல அதெல்லாம் இரண்டாவது அட்டவணைல வெறும் தலைப்பா நிக்குது, அதுக்கான விவரம் 18வது பிரிவுபடி அரசு அறிவிக்கிற ஸ்டாண்டர்ட்ல வரும். அதனால இனிமே நீங்க கண்ணு வெக்க வேண்டியது ஆக்ட் மேல இல்ல, ஸ்டாண்டர்டும் ரூல்சும் எப்ப வருதுங்கறது மேல. அதுவரைக்கும் கோடுக்கு முரண் இல்லாத அளவுக்கு பழைய ரூல்ஸ்தான், நமக்கு 1950 தமிழ்நாடு ஃபேக்டரீஸ் ரூல்ஸ், அது செத்துப்போச்சுன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க. பெல்ட்டுக்கும் பிரஸ்சுக்கும் கார்டு (கை உள்ள போகாம தடுக்கற மறைப்பு) வேணும்ங்கறது எந்தக் காலத்துலயும் போகல.

மெஷின்_பில்டர்_பீளமேடு:
பிஐஎஸ் மேட்டர் நான் சொல்றேங்க, நாங்க மெஷின் செஞ்சு விக்கிறோம், அந்த ஃபைல் டேபிள் மேலயே கிடக்குது. கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்ட்ல ஒரு ஆர்டர் போட்டாங்க, பம்ப், கம்ப்ரசர், கிரேன், மெஷின் டூல்னு பெரிய லிஸ்ட். முதல்ல 2025 ஆகஸ்ட் 28ன்னு சொல்லி அப்புறம் 2026 செப்டம்பர் 1க்கு தள்ளினாங்க. பழைய மெசேஜும் புது மெசேஜும் ஒரே குரூப்ல சுத்துது, தேதி குழப்பம் அதனாலதான். இது செய்யறவங்க, இறக்குமதி பண்றவங்க, விக்கிறவங்க மேல வர்ற ஆர்டர், உங்க ஷாப்ல ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற பிரஸ்சை சீல் வெக்க இல்லீங்க. புதுசா மெஷின் வாங்கறப்ப கேளுங்க, ரிஸ்க் அசெஸ்மென்ட் (எங்க என்ன ஆபத்துன்னு கணக்கு போடறது) ஐஎஸ் 16819ங்கற இந்திய ஸ்டாண்டர்ட் படி பண்ணிருக்கீங்களான்னு, அது சர்வதேச ஸ்டாண்டர்டான ஐஎஸ்ஓ 12100 அப்படியேதான். பதில் சொல்லத் தெரியாதவங்ககிட்ட வாங்காதீங்க. கோடுலயே 8வது பிரிவு மெஷின் டிசைன் பண்றவங்களுக்கும் சப்ளை பண்றவங்களுக்கும் கடமை வெச்சிருக்கு, நீங்க கேக்கறது உரிமையோட கேக்கறது.

ஐரோப்பாவுக்கு மெஷின் அனுப்பறவங்க யாராச்சும் இதை படிச்சா, அங்க மெஷின் சேஃப்டிக்கு இருக்கிற 2006/42 டைரக்டிவ் போயி 2023/1230 ரெகுலேஷன் 2027 ஜனவரி 20 முதல் வருது. மேனுவல் டிஜிட்டலா குடுக்கலாம், ஆனா வாங்கறப்ப கஸ்டமர் கேட்டா பேப்பர்லயும் இலவசமா குடுக்கணும். சேஃப்டி பிஎல்சி (மெஷினோட பாதுகாப்பை இயக்கற கன்ட்ரோலர்) புரோகிராமை வெளிய இருந்து யாரும் மாத்த முடியாதபடி காப்பாத்தறதும் இப்ப மெஷின் செய்யறவன் பொறுப்பு. எங்களுக்கு இதுலதான் வேலை ஜாஸ்தி.

டூல்ரூம்_ஓசூர்:
சட்டம் பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் அந்த லைட் கர்டன் பத்தி சொல்லியே ஆகணும். தம்பி, உங்க பிரஸ் கீ கிளட்ச்சா ஏர் கிளட்ச்சா? பழைய சி ஃபிரேம் பிரஸ்னா பெரும்பாலும் கீ கிளட்ச்தான் இருக்கும். அதுல ஃபிளைவீலையும் ஷாஃப்ட்டையும் பூட்டறது ஒரு கீ, அதாவது ஒரு இரும்புத் துண்டு. அது ஒருவாட்டி புடிச்சுதுன்னா ஷாஃப்ட் முழு சுத்து சுத்தி, ரேம் (மேலயும் கீழயும் போற பாகம்) கீழ போயி மேல வந்துதான் நிக்கும், நடுவுல நிறுத்தவே முடியாது. லைட் கர்டன் கையைப் பாத்துட்டு சிக்னல் குடுத்து என்ன பிரயோஜனம், ரேம் கீழ வந்துடுமே. அதை மாட்டிட்டா பையன் பயம் விட்டு கையை உள்ள விடுவான், அதுதான் இன்னும் மோசம். ரெண்டு கையாலயும் சேத்து அமுக்கற டூ ஹேண்ட் பட்டனும் அந்த மாதிரி பிரஸ்ல முழு பாதுகாப்பு இல்ல, கீ தேஞ்சு போயிருந்தாலோ ஸ்பிரிங் உடைஞ்சாலோ தானா ரிப்பீட் அடிக்கும், அதுக்கு எந்த பட்டனும் ஒண்ணும் பண்ண முடியாது. கீ கிளட்ச்சுக்கு டையைச் சுத்தி ஃபிக்ஸட் கார்டு, ஷீட் மட்டும் போற அளவு சந்து, அவ்வளவுதான் வழி. சந்து எவ்வளவுன்னா ஐஎஸ்ஓ 13857ல டேபிள் இருக்கு, 8 மிமீ வரைக்கும் நீள சந்துன்னா கார்டுல இருந்து டை 20 மிமீ தள்ளி இருந்தா போதும், 10 மிமீ ஆயிட்டா 80 மிமீ, 12ல இருந்து 20 வரைக்கும் 120 மிமீ. ரெண்டு மிமீ கூட்டினதும் தூரம் எவ்வளவு ஏறுது பாருங்க, விரல் அந்த அளவுக்கு உள்ள போயிடும். ஆடிட்டர் எழுதினாருன்னு வாங்கிடாதீங்க, கிளட்ச் வகையைச் சொல்லி கடிதமா பதில் போடுங்க.

பிரஸ்ஷாப்_கோவை:
ரொம்ப நன்றிங்க அண்ணா. எல்லாமே கீ கிளட்ச்தாங்க, ஃபுட் பெடல். சேஃப்டி_அம்பத்தூர் சார், புதுசா வர்ற ஸ்டாண்டர்டை எங்க பாக்கறது, கன்சல்டன்ட் சொல்றதை மட்டும் நம்ப வேண்டாம்னு நினைக்கறேன்.

சேஃப்டி_அம்பத்தூர்:
மத்திய அரசோடது ஈகெஜட் (மத்திய அரசிதழ்) சைட்ல, மாநிலத்தோடது தமிழ்நாடு அரசிதழ்ல, ரெண்டும் இலவசம். மாசத்துல ஒரு நாள் ஒதுக்கி தொழிலாளர் துறைத் தலைப்புல என்ன வந்துருக்குன்னு பாருங்க. கையில பேப்பர் கிடைச்சா முதல்ல ரெண்டு இடம் பாருங்க சார், மேல "வரைவு"ன்னு இருக்கா, அப்புறம் எந்த தேதி முதல் அமல்னு இருக்கா. வரைவுன்னா அது ஆட்சேபணை கேக்கறதுக்கு விட்டது, உங்களுக்கு கஷ்டம் இருந்தா எழுதியே அனுப்பலாம், சின்ன யூனிட் ஆளுங்க யாரும் எழுதறதே இல்ல, எழுதுங்க. ஒரு நோட்டு போட்டு ஆர்டர் நம்பர், அமல் தேதி, நம்ம ஷாப்ல எந்த மெஷினுக்குப் பொருந்துதுன்னு ஒரு வரி எழுதி வைங்க, வாட்ஸப் மெசேஜ் வந்தா அந்த நோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. தரமணில மண்டல தொழிலாளர் நிறுவனம் இருக்கு, அங்க டிரெயினிங் நடத்தறாங்க, முதலாளிகிட்ட சொல்லி ஒருவாட்டி போயிட்டு வாங்க. செயின் பிளாக்கையும் மறக்காதீங்க, வருஷத்துக்கு ஒருதடவை தகுதியான ஆளை வெச்சு செக் பண்ணி ரிப்போர்ட் வெச்சிருக்கணும், பழைய ஆக்ட்ல 29வது பிரிவு.

இன்னொண்ணு, படிச்சதை பசங்ககிட்ட தமிழ்ல சொல்லுங்க. ஆபத்து இருக்குன்னு தோணினா முதலாளிகிட்டயும் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்ற உரிமை 14வது பிரிவுல தொழிலாளிக்கு இருக்கு, அது அவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் கார்டைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னா முடியாதுன்னு சொல்வாங்க.

டூல்ரூம்_ஓசூர்:
சரியா சொன்னீங்க சார். தம்பி, ஒவ்வொரு பிரஸ்சோட டன்னேஜ், டை போட்டதுக்கப்புறம் முன்னாடி எவ்வளவு இடம் இருக்கு, ஷீட் என்ன தடிமன், இதை மட்டும் இங்க போடுங்க. 3 மிமீ கம்பி வெச்சு கார்டு டிராயிங் போட்டுத் தரேன், உங்க வெல்டரே பண்ணிடலாம். கூடவே கிளட்ச் கீயைக் கழட்டி ஓரம் மழுங்கிருக்கான்னு பாத்து சொல்லுங்க, மெயின் ஆஃப் பண்ணி, ஃபிளைவீல் முழுசா நின்னதுக்கப்புறம்.